உண்மைத் தோட்டா நுழையக் கூடாத கிடங்கு

கோலாலம்பூரில் வங்கிப் பணம் ஏற்றிச் செல்லும் வாகனத்தில் ஆயுதமேந்திய காவலராகப் பணியாற்றுகிறேன். எங்களுக்கு வழங்கப்படுவது பம்ப் வகை ஷாட்கன், அதாவது முன்பிடியைப் பின்னும் முன்னும் இழுத்துத் தோட்டாவை ஏற்றும் நீளத் துப்பாக்கி. குறிசுடும் தளத்தில் தேர்ச்சி பெற்றபின், ஏ.டி.எம். வாசலில் கொள்ளையர் வழிமறித்தால் என்ன செய்வது என்பதை, சக காவலர்களையே கொள்ளையராக நிறுத்திப் பழகும் பயிற்சிக்கு அண்மையில் அனுப்பப்பட்டேன். நகரின் செகாம்புட் பகுதியில் ஒரு காலிக் கிடங்கில் அது நடந்தது.

எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருத வேண்டும், சுட எண்ணாத எதன்மீதும் குழலை நீட்டக் கூடாது என்பவை எங்களுக்கு முதலில் சொல்லித் தரப்பட்ட விதிகள். இந்தப் பயிற்சியிலோ உடன் வேலை செய்பவரின் நெஞ்சுக்கு நேரே குழலை நீட்டி விசையை அழுத்தவும் நேர்கிறது. வழக்கமான காப்பு இல்லாமற்போகும் அவ்விடத்தில், உண்மைத் தோட்டா ஒன்றுகூட உள்ளே இல்லை என்பதை உறுதிசெய்வதில்தான் எல்லாருடைய உயிரும் அடங்கியிருக்கிறது.

ஓய்வுபெற்ற போலீஸ்காரரான பயிற்றுநரைத் துவான் (மலாயில் 'ஐயா') என்றே அழைத்தோம். அவர் இரண்டு சம்பவங்களை விளக்கினார். 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், புண்டா கோர்டாவில் பொதுமக்களுக்கான செயல்விளக்கத்தின்போது, வெற்றுத் தோட்டா (குண்டில்லாமல் சத்தம் மட்டும் எழுப்புவது) இருப்பதாக நம்பப்பட்ட ரிவால்வரில் உண்மைத் தோட்டா இருந்ததால், 73 வயதான, நூலகராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பெண் ஒருவர் உயிரிழந்தார். 2022 ஆகஸ்டில் வாஷிங்டன் நகர நூலகம் ஒன்றில், தன்னிடம் இருப்பது பயிற்சித் துப்பாக்கி என்று எண்ணிய பயிற்றுநர் சுட்டதில் 25 வயதுப் பெண் காவலர் இறந்தார். அது துப்பாக்கிப் பயிற்சிகூட அல்ல, தடியைக் கையாளும் பயிற்சி. சுட்டவர்கள் இருவருமே போலீஸ் பணி பார்த்தவர்கள் என்பதுதான் என்னை உலுக்கியது.

எங்கள் ஷாட்கன்களும் தோட்டாக்களும் வாகனத்திலுள்ள இரும்புப் பெட்டியில் பூட்டப்பட்டன. பயிற்சியில் எந்த வேடமும் ஏற்காத பாதுகாப்பு அதிகாரியிடம் மட்டுமே சாவி இருந்தது. கிடங்குக்கு ஒரே வாசல். அங்கே ஒவ்வொருவரும் தம் பைகளைத் தாமே காலி செய்து காட்ட வேண்டும். பின்னர் இணைக் காவலர் தடவிப் பார்ப்பார். மூன்றாவதாக அதிகாரி சோதித்து, மணிக்கட்டில் வண்ண நாடா ஒட்டுவார். கழிவறைக்குப் போய் வந்தாலும் நாடாவைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து சோதனை. உள்ளே நாங்கள் பயன்படுத்தியவை நீல நிற ரப்பர் துப்பாக்கிகள்தாம். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கிகளையும் கட்டுப்படுத்துவதால், அவையும் கணக்கோடு வந்து கணக்கோடு திரும்பின. காலித் தோட்டா உறைக்குக்கூட உள்ளே இடமில்லை.

"திரும்பத் திரும்ப எதுக்கு, துவான்?" என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். "உன்கிட்ட தோட்டா இல்லைன்னு நீ நம்புறது எனக்குப் போதாது தம்பி, நான் தொட்டுப் பார்க்கணும்" என்று பதில் வந்தது. மதிய உணவுக்குப் பின், காலைப் பணியில் அணிந்த காப்புச் சட்டையோடு வந்த வேறொருவரின் உட்பையில் ஷாட்கனுக்கான 12 கேஜ் தோட்டா ஒன்று அகப்பட்டது. அவர் பொய் சொல்லவில்லை. அது அங்கிருப்பதே அவருக்குத் தெரியாது. பயிற்சி உடனே நிறுத்தப்பட்டு, எங்கள் அனைவரையும், பின்னர் கிடங்கின் மூலைமுடுக்குகளையும் மறுபடி சோதித்தார்கள். அதன்பிறகு எவரும் முணுமுணுக்கவில்லை.

காட்சிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யார் "ஹெந்தி தெம்பாக்" (மலாயில் 'சுடுவதை நிறுத்து') என்று குரல் கொடுத்தாலும், புதிதாகச் சேர்ந்தவராகவே இருந்தாலும், அனைவரும் அசையாமல் நிற்க வேண்டும். பெரும்பாலான காட்சிகளில் பணப்பையைக் கீழே போட்டுவிட்டு விலகுவதே சரியான விடையாக இருந்தது. அதைத் தயங்காமல் செய்தவர்களே மதிப்பீட்டில் தேறினர், நானும் தேறினேன்.

மிகுந்த கவனம் தேவைப்பட்டது கடைசி அரைமணி நேரத்தில் என்றே நினைக்கிறேன். களைப்பும் சிரிப்புமாக எல்லாரும் தளர்ந்திருக்கும் அவ்வேளையில்தான் உண்மை ஆயுதங்கள் மறுபடி கைக்கு வருகின்றன. துவான் முதலில் ரப்பர் துப்பாக்கிகளை எண்ணிப் பெட்டியில் பூட்டினார். பயிற்சி முடிந்தது என்று உரக்க அறிவித்து, நாடாக்களைக் கிழிக்கச் செய்து, கிடங்கைவிட்டு எங்களை வெளியேற்றிய பின்னரே, அதிகாரி இரும்புப் பெட்டியைத் திறந்து ஷாட்கன்களை ஒவ்வொருவராக அழைத்து ஒப்படைத்தார்.