பெரிய சைக்கிளுக்கு மாறிய ஒன்பது மாதம்

ஏப்ரலில் பெரியவளுக்குப் பதினொரு வயது முடிந்தது. அவளுடைய 20 இன்ச் சைக்கிளில் திரும்பும்போதெல்லாம் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க ஆரம்பித்தது. சீட்டுக் கம்பியில் இதற்கு மேல் ஏற்றாதே என்று போட்டிருக்கும் கோடு வரைக்கும் ஏற்றியாகிவிட்டது. சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் தெருவைச் சுற்றிவர அதுவே போதும். ஆனால் மாதத்தில் இரண்டு ஞாயிறு ஏற்காட்டுக்குப் போய் ஓட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். கியர் இல்லாத சின்னச் சக்கரத்தில் அவள் ஒவ்வொரு மேட்டிலும் இறங்கித் தள்ளுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

துணி எடுத்தாலும் செருப்பு எடுத்தாலும் ஒரு அளவு பெரிதாக எடுப்பது நம் வீடுகளில் பழக்கம். வளர்கிற பிள்ளைதானே. அதே நினைப்பில் 26 இன்ச் மலைச் சைக்கிள் வாங்கினோம். முன்னால் ஷாக் அப்சார்பர், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், 21 கியர். சீட்டை அடிவரைக்கும் இறக்கினால் அவளுடைய கால்விரல் தரையைத் தொட்டது. கால் எட்டுகிறது, சரியாகிவிடும் என்று நினைத்தேன். நானே அப்பாவின் சைக்கிளில் குரங்கு பெடல் அடித்துக் கற்றவள்.

மே மாதம் இரண்டாவது ஞாயிறு. ஏற்காட்டில் சேர்வராயன் கோயிலிலிருந்து ஏரிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். எனக்கு இருபதடி முன்னால் போனவள் வளைவில் வேகம் குறையாமல் நேராகப் போய், காப்பித் தோட்டத்து மண்மேட்டில் முட்டி விழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்தது, வேறு காயம் இல்லை. அழுகை அடங்கிய பிறகு அவள் சொன்னது: "பிரேக் பிடிச்சேம்மா. விரல் பத்தலை."

வீட்டுக்கு வந்து அவளுடைய கையைப் பிரேக் லிவர் மேல் வைக்கச் சொல்லிப் பார்த்தேன். கைப்பிடிக்கும் லிவருக்கும் நடுவில் 9 சென்டிமீட்டர். விரல் நுனி மட்டும்தான் லிவரைத் தொட்டது. முதல் மூட்டாவது லிவரைச் சுற்றிவந்தால்தான் இழுக்க பலம் கிடைக்கும். நுனியால் இழுக்க வேண்டுமானால் உள்ளங்கை கைப்பிடியிலிருந்து நழுவும், ஹேண்டில் ஆடும். இத்தனை நாள் நான் அவளுடைய காலைத்தான் அளந்திருக்கிறேன், கையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மேடு ஏறக் கால் போதும். ஆனால் இறங்குவது முழுக்கக் கையின் வேலை.

லிவர் ஹேண்டிலில் பொருந்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பொடி ஸ்க்ரூ இருக்கும். சிலவற்றில் அலன் கீ போடும், சிலவற்றில் சின்ன ஸ்க்ரூடிரைவர் போதும். அதை உள்ளே திருகத் திருக லிவர் கைப்பிடியை நோக்கி வரும். 9 சென்டிமீட்டரை ஆறரைக்குக் கொண்டுவந்தேன். அதன் பிறகு கேபிள் இழுபட்டு, பிரேக் உரச ஆரம்பிக்கலாம். அப்படி உரசினால், கேபிள் லிவருக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் திருகை உள்ளே திருகிக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அதிகமாகத் தளர்த்தினால் லிவர் கைப்பிடியில் போய் முட்டும், பிரேக் பிடிக்காது. பத்து நிமிட வேலை. வாங்கிய அன்றே இதைச் செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் மனது உறுத்துகிறது.

விரல் எட்டியது. ஆனாலும் அவளுக்குப் பயம் போகவில்லை, அதற்குக் காரணமும் இருந்தது. பழைய இரும்புக் கடைத் தராசில் சைக்கிளை ஏற்றினோம்: 17 கிலோ. அவள் 31 கிலோ. தன் எடையில் பாதிக்கு மேல் இருக்கும் இரும்பைச் சரிவில் அடக்கச் சொல்லியிருக்கிறேன். பெடல் தண்டு 170 மில்லிமீட்டர், பெரியவர்களுக்கான நீளம். மேலே வரும்போது அவளுடைய முழங்கால் வயிற்றுக்கு ஏறி வெளிப்பக்கம் விரிந்தது. முன்னால் இருக்கிற ஷாக் அப்சார்பர் எழுபது கிலோ ஆளுக்கு அமுங்கும்படி செய்தது. அவளுடைய எடைக்கு அது அசையவே இல்லை, வெறும் பாரம்தான்.

ஜூனில், பழைய சைக்கிள் வாங்கி விற்கும் அண்ணன் ஒருவரிடம் 24 இன்ச் ஒன்று கிடைத்தது. முன்னால் ஷாக் இல்லை, பின்னால் மட்டும் 7 கியர், ரிம்மைக் கவ்வும் சாதாரண வி-பிரேக். எடை பதிமூன்றரை கிலோ, பெடல் தண்டு 152 மில்லிமீட்டர். டயர் மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 24 என்று போட்ட டயரெல்லாம் ஒரே அளவு இல்லை. மலைச் சைக்கிளுக்கு, டயரின் பக்கவாட்டில் 507 என்ற எண் இருக்க வேண்டும். 540 போட்ட டயர் இந்த ரிம்மில் உட்காராது. காற்று 60 பிஎஸ்ஐ இருந்ததை, டயரில் எழுதியிருந்த குறைந்த அளவான 40-க்கு இறக்கினேன். எடை குறைந்த பிள்ளைக்கு அதிகக் காற்று அடித்தால் கல்லில் பட்டு எகிறும்.

ஜூன், ஜூலை முழுக்க ஏற்காடு போகவில்லை. அடிவாரத்தில் குரும்பப்பட்டிப் பக்கம் வண்டி நடமாட்டம் இல்லாத ஒரு சின்னச் சரிவில், காலை ஆறரைக்கே போய்விடுவோம். சாக்பீஸால் கோடு போட்டு, அதற்குள் நிற்கச் சொல்வேன். முதலில் மெதுவாக, அப்புறம் நாலு மிதி மிதித்துவிட்டு. இரண்டு பெடலும் தரைக்குச் சமமாக, இடுப்பு சீட்டுக்குப் பின்னால், இரண்டு பிரேக்கும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி. முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று யாரோ சொல்லி அவள் அதைத் தொடவே மாட்டாள். இறக்கத்தில் எடை முன்சக்கரத்துக்குப் போவதால் நிறுத்துகிற வேலையை அதிகம் செய்வது அந்தப் பிரேக்தான். சட்டென்று இறுக்குவதும் உடம்பு முன்னால் சாய்வதும்தான் ஆபத்து. இது அவளுக்குப் புரிய மூன்று வாரம் ஆனது. புதுச் சைக்கிளில் வலது லிவர் முன்சக்கரத்துக்கு, வாங்கிய பழையதிலோ மாற்றிப் பூட்டியிருந்தது. இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கினேன். அவசரத்தில் கை யோசிக்காது.

எங்கள் சோதனை இதுதான்: சரிவில் சைக்கிள் மேல் நின்றபடி, ஒவ்வொரு கையிலும் இரண்டு விரலால் மட்டும் பிரேக்கைப் பிடித்து அசையாமல் நிற்க வேண்டும். ஆகஸ்ட் முதல் வாரம் நின்றாள்.

ஆகஸ்ட் கடைசியில் மறுபடி மலைக்கு. அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பெரியவர்கள் சேலத்திலிருந்தே ஓட்டி ஏறுகிறார்கள். பிள்ளைகளை அந்தச் சாலையில் நான் விடுவதில்லை, ஏறவும் சரி, இறங்கவும் சரி. வளைவில் பேருந்து திரும்பும்போது முழுச் சாலையும் அதற்கே வேண்டும். சைக்கிள்களைக் குட்டி யானையில் ஏற்றி ஏரிக்கரையில் இறக்கிக்கொள்வோம். அங்கிருந்து சேர்வராயன் கோயிலுக்கு ஏற்றம்; கோயில் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 5,300 அடிக்கு மேல். போன வருடம் தள்ளிக்கொண்டு போன மேட்டில் இந்தத் தடவை பின்னால் பெரிய பல்சக்கரத்தைப் போட்டு, உட்கார்ந்தபடியே ஏறினாள். மேலே அந்த அகலமான சமவெளிக்கு வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

இறங்கும்போது பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே வரக்கூடாது, வளைவுக்கு முன்னால் பிடித்துக் குறைத்து, வளைவில் விட வேண்டும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருந்தேன். அன்றைக்குத்தான் கண்ணால் காட்ட முடிந்தது. என் சைக்கிளில் வேண்டுமென்றே கடைசி வரை பிரேக்கைப் பிடித்தபடி இறங்கி, டிஸ்க் மேல் தண்ணீர்ப் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். சுர்ரென்றது. அப்புறம் அவளுக்கு நினைவூட்டத் தேவைப்படவில்லை.

நவம்பரில் ஒரே ஒரு தடவைதான் போனோம். மழை, பனிமூட்டம், சாலையெங்கும் சில்வர் ஓக் இலை. ஈர இலை மேல் டயர் வழுக்கும். ரிம் நனைந்தால் வி-பிரேக் பிடிக்க ஒரு நொடி கூடுதலாக ஆகும். அரை கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வண்டியில் ஏற்றிவிட்டோம்.

டிசம்பரில் அளந்தபோது 142 சென்டிமீட்டர், ஏப்ரலை விட நாலு கூடுதல். போர்ட்டிகோவில் நின்றிருந்த 26 இன்ச்சை எடுத்து, காந்தி மைதானத்துப் பக்கம் சமதளத்தில் ஓட்டினாள். நேராக ஓட்டுகிறாள், திருப்புகிறாள், நிறுத்துகிறாள். குரும்பப்பட்டிச் சரிவில் இரண்டு விரல் சோதனை வைத்தோம். வலது கை நின்றது. இடது கையில் மூன்று விரல் தேவைப்பட்டது. சரி, பள்ளிக்கூடத்துக்கு 26, மலைக்கு இன்னும் 24-தான் என்று முடிவு செய்தோம். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. இடது கை தயாரானதும் தானே சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

அவளுடைய 20 இன்ச் இப்போது எட்டு வயதுச் சின்னவனுக்கு. 16 இன்ச்சிலிருந்து அவன் மாறுகிறான். கொடுத்த அன்று சீட்டை இறக்குவதற்கு முன்னால் பிரேக் லிவரின் ஸ்க்ரூவைத்தான் தேடினேன். இரண்டு சுற்று உள்ளே திருகியபோது அவனுடைய விரல் மூட்டு லிவரைச் சுற்றி வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸ் எடுத்துக்கொண்டு அடிவாரம் போகிறோம்.