பித்தம் எந்த வழியாகப் போகிறது?

அறுவை சிகிச்சை முதுகலைத் தேர்வின் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தேர்வாளர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி, "ரூ-என்-ஒய் ஹெபாட்டிகோஜெஜுனாஸ்டமி வரைந்து காட்டுங்கள்" என்றார். பித்தநாளத்தைச் சிறுகுடலோடு ஒய் எழுத்து வடிவில் இணைக்கும் அறுவை சிகிச்சை அது. வரைந்தேன். படம் சரிதான். "சாப்பாடு பித்தத்தை எந்த இடத்தில் சந்திக்கிறது?" என்று கேட்டதும் பென்சில் நின்றுவிட்டது. பெயர்களை மனப்பாடம் செய்திருந்தேன். குழாய்க்குள் எது எங்கே ஓடுகிறது என்று யோசித்ததே இல்லை. அந்த முறை தேறவில்லை.

அடுத்த தடவை ஒரு நீள நாடாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு முனையில் டியோடினம் (சிறுகுடலின் முதல் பகுதி) என்று பேனாவால் எழுதினேன். அதை அடுத்த பகுதியான ஜெஜுனம் தொடங்கிச் சற்றுத் தள்ளி ஒரு வெட்டு. கீழ்த்துண்டின் முனையை மேலே இழுத்துக் கல்லீரலிலிருந்து வரும் பித்தநாளத்தோடு ஊக்கு குத்தினேன். மேல்துண்டின் முனையை 40 முதல் 60 செ.மீ. கீழே, பக்கவாட்டில் சேர்த்தேன். கையிலேயே ஒய் எழுத்து வந்துவிட்டது. உணவும் பித்தமும் சந்திப்பது அந்தக் கீழ் இணைப்பில்தான். நடுவில் அவ்வளவு நீளம் விடுவது, குடலில் இருப்பது பித்தநாளத்துக்கு ஏறிக் கிருமித் தொற்றை உண்டாக்காமல் இருக்க. இரைப்பையை எடுத்த பிறகு போடும் ஒய்யில் இது தலைகீழ்: அங்கே பித்தம் மேலே ஏறக் கூடாது. எதை எதிலிருந்து காக்கிறோம் என்று ஒவ்வொரு படத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்புக்குறி போட்டுப் பார்த்தால் சிக்கல்களும் தானாக வரும். 1881-இல் பில்ரோத் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, மீதி இரைப்பையை டியோடினத்தோடு இணைத்தார். 1885-இல் செய்த இரண்டாம் வகையில் டியோடினத்தின் முனையை மூடி, இரைப்பையை ஜெஜுனத்தோடு இணைத்தார். பித்தம் இரைப்பையின் வாசல் வழியாகத்தானே கீழே போயாக வேண்டும்? அப்புறம் பித்தத்தால் வரும் இரைப்பை அழற்சியை ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்!

பித்தநாளத்தின் இரத்த ஓட்டத்துக்கு மட்டும் ஒரு நாள் முழுக்கக் கொடுங்கள். கடிகாரத்தின் 3 மணி, 9 மணி இடங்களில் ஓடும் சிறு தமனிகளுக்கு ஏறக்குறைய 60 சதவீத இரத்தம் கீழிருந்து வருகிறது. நாளம் அறுபட்டால் மேல் துண்டின் நுனி பட்டினி கிடக்கும். அதனால்தான் கல்லீரல் வாசலருகே, நல்ல இரத்த ஓட்டமுள்ள இடம் வரை ஏறி, இழுவிசை இல்லாமல், சளிச்சவ்வோடு சளிச்சவ்வு சேரத் தைக்கிறார்கள். நூல் கரையும் வகையாக இருக்க வேண்டும்; கரையாத பட்டுநூல் உள்ளே தங்கினால் அதைச் சுற்றிக் கல் சேரும்.

கணையத்தின் தலைப்பகுதியை எடுக்கும் விப்பிள் அறுவை சிகிச்சையில் மூன்று இணைப்புகள்: கணையம், பித்தநாளம், இரைப்பை. வழக்கமாக இந்த வரிசை. நாடா பழகியவர்களுக்கு இது அரை மணி நேர வேலை.

இரண்டாம் வைவாவில் கேட்டார்கள்: "ரூ-என்-ஒய் செய்தவருக்கு இரண்டு வருடம் கழித்து இணைப்பு சுருங்கிவிட்டது. இஆர்சிபி செய்வீர்களா?" வாய் வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டுப் பித்தநாளத்தை அடைவதுதான் இஆர்சிபி. மனதுக்குள் நாடாவில் விரலை ஓட்டினேன். வாய், இரைப்பை, டியோடினம், கீழ் இணைப்பு, அங்கிருந்து திரும்பி மறுபடி மேலே அந்த 40 முதல் 60 செ.மீ. "வழக்கமான எண்டோஸ்கோப் அங்கே எட்டுவது கடினம் சார், தோல் வழியாகக் கல்லீரலுக்குள் ஊசி செலுத்திப் பித்தநாளத்தை அடைவேன்" என்றேன். தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.