புயல் வாரமும் சோடியமும்

நவம்பர் 26, 2024

பொருள்களை ஈரமில்லாமல் மூடி வைக்கும் டெசிகேட்டருக்குள் இருந்த, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மறுபடியும் ரோஸ். போன வாரம்தான் ஓவனில் வைத்து நீலமாக்கினோம். அதில் கலந்திருக்கும் கோபால்ட்டைச் சுற்றிக் குளோரைடு இருக்கும்வரை நீலம். ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் வந்து உட்கார்ந்துவிட்டால் ரோஸ். அணைவுச் சேர்மப் பாடத்தை (உலோகத்தைச் சுற்றி வேறு மூலக்கூறுகளோ அயனிகளோ பிணைந்த சேர்மங்கள்) நான் எப்போதும் இதிலிருந்துதான் தொடங்குவேன். புதுச்சேரியில் உலோகக் கரிம வேதியியல் (உலோகமும் கார்பனும் பிணைந்த சேர்மங்கள்) செய்வதென்றால் பாதி வேலை ஈரக்காற்றோடு மல்லுக்கட்டுவதுதான். வங்கக்கடலில் தாழ்வு மண்டலமாம்.

நவம்பர் 28

எங்கள் லேப் தரைத்தளம். சோடியம் கிடக்கும் அறைக்குள் மழைத்தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டி.எச்.எஃப். என்ற கரைப்பானைச் சோடியத்தோடு காய்ச்சி உலர்த்தும் ஸ்டில்லை இன்றே கொன்றுவிடலாம், அதாவது உள்ளிருக்கும் சோடியத்தைச் செயலிழக்க வைத்துவிடலாம் என்று ஆய்வு மாணவியிடம் சொன்னேன். "இன்னும் ஒரே ஒரு ரியாக்‌ஷன் மேடம்" என்று கெஞ்சினாள். முடியாது என்றேன்.

ஆறவிட்டு, நைட்ரஜனை நிறுத்தாமல், ஐசோப்ரொப்பனாலைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். சோடியத்தோடு சேர்த்திருந்த பென்சோஃபீனோன் தந்த அந்தக் கருநீலம் (உள்ளே ஈரமும் ஆக்சிஜனும் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி) மெல்ல வெளுத்து மஞ்சளானது. குமிழ் அடங்கிய பிறகு எத்தனால், கடைசியில்தான் தண்ணீர். மதியம் முழுக்க இதிலேயே போயிற்று. வசதியான ஆய்வகங்களில் கரைப்பானை அலுமினா நிரப்பிய குழாய் வழியே விட்டு உலர்த்துகிறார்கள். 1996-லேயே வந்த முறை. நமக்கு இன்னும் சோடியம்தான்.

நவம்பர் 29

புயலுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், ஃபெஞ்சல். மாடியில் கிடைத்தது ஒரே ஒரு அலமாரி. எதை ஏற்றுவது?

சோடியம் புட்டி, ஈரமே ஆகாத ப்யூட்டைல் லித்தியம், விலை அதிகமான ரோடியம், பல்லேடியம் உப்புகள் முதலில். அப்புறம் ஆய்வுக் குறிப்பேடுகள். மாணவி தன் படிகக் குழாய்களைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு படியேறினாள்.

ஷிஃப் பேஸ் (ஆல்டிஹைடும் அமீனும் சேர்ந்து கிடைக்கும் சேர்மம்) குப்பிகளைக் கீழேயே விட்டேன். சாலிசிலால்டிஹைடையும் எத்திலீன்டையமீனையும் சூடான எத்தனாலில் சேர்த்தால் கண்ணெதிரே மஞ்சள் செதில்களாகக் கொட்டும், அதுதான் சாலென். தாமிரம் சேர்த்தால் பச்சை, நிக்கல் சேர்த்தால் செங்கல் நிறம். பிறகு ஈ. கோலை பாக்டீரியா மீது வைத்து, அது வளராத வட்டத்தின் விட்டத்தை அளந்து அட்டவணை போட்டால் ஒரு கட்டுரை தயார். நம் பக்கத்தில் எத்தனையோ முனைவர் பட்டங்கள் இப்படி வந்தவைதான். குறை சொல்வதற்கில்லை, திறந்த பீக்கரே போதும், செலவும் குறைவு. ஆனால் இதே சாலெனோடு சேர்ந்த கோபால்ட் ஆக்சிஜனைப் பிடித்துத் திரும்ப விடும் என்று ஜப்பானில் சுமாகி 1938-லேயே காட்டினார். 1990-ல் ஜேக்கப்சன் மாங்கனீசை வைத்து, கண்ணாடிப் பிம்பம் போன்ற வலது இடது வடிவங்களில் ஒன்றையே அதிகமாகத் தரும் ஈப்பாக்சைடு (மூவணு வளையத்தில் ஆக்சிஜன் உள்ள சேர்மம்) வினையைச் செய்தார். வட்டம் அளப்பதோடு நின்றுவிட்டால் அந்தப் பக்கம் போகவே முடியாது.

ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மமும் கீழேதான். அதற்குத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை.

நவம்பர் 30, இரவு

கரண்ட் இல்லை. கதவைத் திறக்க முடியாத காற்று.

டிசம்பர் 1

புயல் நகராமல் ஊர்மேலேயே நின்றுவிட்டது. ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. 2004-ல் பெய்த 21 செ.மீ. பழைய சாதனையாம். கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஆட்களை மீட்கிறது. அட்டெண்டர் அண்ணன் எப்படியோ லேப் வரை போய்ப் போட்டோ அனுப்பினார்: கீழ்த்தட்டு முழுக்கத் தண்ணீர்.

டிசம்பர் 4

இன்றுதான் உள்ளே போக முடிந்தது. கீழ் அலமாரியில் சேறு. ஃபெரோசீன் குப்பிக்குள்ளும் தண்ணீர். வடிகட்டி, உலர்த்தி, பதங்கமாக்கினோம். 'குளிர்ந்த விரல்' எனப்படும் குளிர்விக்கும் கண்ணாடிக் குழாய்மேல் ஆரஞ்சு ஊசிகள், லேசான கற்பூர வாசனை. உருகுநிலை 173 டிகிரி, புத்தகத்தில் உள்ளபடியே. இரண்டு ஐங்கோண வளையங்களுக்கு நடுவே ஓர் இரும்பு என்று 1952-ல் சொன்னபோது வியந்தவர்கள் பலர். 1973-ல் ஃபிஷருக்கும் வில்கின்சனுக்கும் நோபல் கிடைத்த ஆய்வுகளில் இதுவும் உண்டு.

பெரிய தலைவலி லேபிள் கரைந்த புட்டிகள். எது எது என்று தெரியாமல் சிங்க்கில் கொட்டவும் முடியாது. நாளை ஒவ்வொன்றாக ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்து அடையாளம் காண வேண்டும். மாணவி ஸ்டில்லை எப்போது மறுபடி போடலாம் என்கிறாள். முதலில் தரை காயட்டும்.