சைட்பாட்டம் வீட்டுப் பார்சல்

மான்செஸ்டருக்குத் தெற்கே ஸ்டாக்போர்ட் பக்கம் வீடு பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் எட்டு வயசுப் பையன் இருந்தால், அக்கம்பக்கத்தார் பெயரை விசாரித்துவிட்டுக் குடி வாருங்கள். இந்தப் பகுதியில் 'பாட்டம்' என்று முடிகிற குடும்பப் பெயர்கள் சர்வசாதாரணம். சைட்பாட்டம், ஹிக்கின்பாட்டம், ராம்ஸ்பாட்டம், விண்டர்பாட்டம், ஷஃபிள்பாட்டம். உட்காருகிற பக்கத்துக்கும் இங்கிலீஷில் அதே சொல்தான் என்பதால், எட்டு வயசில் இதைவிடப் பெரிய ஜோக் கிடையாது.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் சைட்பாட்டம் குடும்பம். அவர்களுக்கு ஒரு பார்சல் வந்தபோது வீட்டில் ஆள் இல்லை. கூரியர் பையன் எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். வாங்கியது என் அப்பா.

அப்பா ஆயுசு முழுக்கத் தபால் இலாகாவில் இருந்து, சப் போஸ்ட்மாஸ்டராக ரிட்டயர் ஆனவர். விசிட் விசாவில் வந்து, ஜன்னல் வழியாக மழையைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் நொந்துபோயிருந்தார். பார்சல் கைக்கு வந்ததும் ஆளே மாறிவிட்டார். கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, "ரெண்டு கிலோ இருக்கும்" என்றார். பழுப்பு டேப் நாலு மூலையிலும் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார். என் பையனின் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, கோடு போட்டு, தேதி, பெயர், கையொப்பம் என்று பத்தி பிரித்தார். அப்புறம்தான் லேபிளைப் படித்தார்.

பையன் சோபாவில் விழுந்து புரண்டு சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை.

"சைட்பாட்டமா? லெஃப்ட் ஆர்ம் போடுவானே, சுருட்டை முடி வச்சுக்கிட்டு! அவன் வீடாடா இது?"

ரையன் சைட்பாட்டத்தை அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். 22 டெஸ்ட் ஆடியது, 2008-ல் ஹாமில்டனில் நியூசிலாந்துக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தது, 2010-ல் டி20 உலகக் கோப்பை வாங்கிய இங்கிலாந்து அணியில் இருந்தது, எல்லாம் சொன்னார். அவருடைய அப்பா ஆர்னி சைட்பாட்டம் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கால்பந்தும் யார்க்‌ஷயருக்குக் கிரிக்கெட்டும் ஆடியவர், 1985-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட்டோடு சரி என்பது வரை வந்தது. சொல்லிக்கொண்டே போய் நல்ல சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டார்.

நான் மாடியில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். சாயங்காலம் வாசல் மணி அடித்தது. கீழே பேச்சுக் குரல். கொஞ்ச நேரத்தில் அது வாக்குவாதம் மாதிரி கேட்கவே, இறங்கி வந்தேன். வாசலில் ஓர் அம்மையார். அப்பா பார்சலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"நான் மிஸஸ் சிடி-பொ-டோம். பக்கத்து வீடு" என்கிறார் அந்த அம்மா.

"நோ மேடம். திஸ் இஸ் சைட்-பாட்டம்" என்கிறார் அப்பா.

"அது நாங்கள்தான்."

அப்பா என் பக்கம் திரும்பி, "பேர் டேலி ஆகலைடா. ஆதார் மாதிரி ஏதாவது வச்சிருக்காங்களான்னு கேளு" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாவின் கணவர் வந்துவிட்டார். தலையில் ஒரு முடி கிடையாது. அப்பாவின் முகம் வாடியதை நான் பார்த்தேன். மனுஷர் கையை நீட்டி, "நான் சைட்பாட்டம்" என்றார் பளிச்சென்று. அப்பா லேபிளை ஒரு தடவை பார்த்தார், அவரை ஒரு தடவை பார்த்தார். "இவர் ஓகே. அப்ப அந்த அம்மா யாரு?"

அவர் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டு நாய் குரைத்தது. உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தோம். விஷயம் இதுதான். அவருக்குப் பெயர் எழுதியிருக்கிறபடி சைட்பாட்டம். கிரிக்கெட்காரருக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை என்பதை, கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன் கிரீன் என்று பெயர். போனில் பெயர் சொன்னதும் எதிர்முனையில் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போய், உச்சரிப்பை மாற்றிக்கொண்டார். இந்த நாட்டில் இப்படி நாசூக்காகச் சொல்கிறவர்கள் வேறு பலரும் உண்டாம். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு உச்சரிப்பு!

இத்தனைக்கும் அது மண்ணோடு ஒட்டிய பெயர். பழைய இங்கிலீஷில் 'சீட்' என்றால் அகலம், 'பாட்டம்' என்றால் பள்ளத்தாக்கின் தரை. அகன்ற பள்ளத்தில் குடியிருந்தவன் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. 1066-ல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்காரர்கள் காலத்தில் எங்கு பார்த்தாலும் ஜான், வில்லியம் என்றே பெயர். ஒரு கிராமத்தில் நாலு ஜான் இருந்தால் வரி எழுதுகிறவன் என்ன செய்வான்? ஓடையோரத்து ஜான், காட்டு ஜான், மேட்டு ஜான், பள்ளத்து ஜான். 1377, 1379, 1381 என்று அடுத்தடுத்துத் தலைவரி போட்டபோது இப்படி எழுதிவைத்த பட்டியல்கள்தான் இன்றைக்கும் குடும்பப் பெயர் ஆராய்ச்சிக்காரர்களுக்குப் புதையல். அந்த அம்மாவின் கிரீன் கூட ஊர்ப் பொதுப் புல்வெளிக்குப் பக்கத்தில் குடியிருந்தவன் என்கிற கதைதான். அதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹிக்கின்பாட்டம் என்பது போல்ட்டன் பக்கத்து ஓக் மரப் பள்ளம். விண்டர்பாட்டம், மாடு ஆடுகளைக் குளிர்காலத்தில் மேய்த்த பள்ளம். இங்கிலாந்து கால்பந்து அணியின் முதல் மேனேஜர் வால்டர் விண்டர்பாட்டம், பக்கத்து ஓல்டமில் பிறந்தவர். ஷஃபிள்பாட்டத்துக்குள் 'ஷீப்', அதாவது ஓர் ஆடு ஒளிந்திருக்கிறது. ராம்ஸ்பாட்டம் என்று ஓர் ஊரே இருக்கிறது. காட்டுப் பூண்டு முளைத்த பள்ளம் என்பார்கள், செம்மறிக் கடா என்பவர்களும் உண்டு. அந்த ஊரில் வருஷாவருஷம் உயரத்தில் அடுக்கிவைத்த யார்க்‌ஷயர் புட்டிங்குகளை, ரத்தமும் தானியமும் சேர்த்து அடைத்த லங்காஷயர் கறுப்புப் புட்டிங்கால் எறிந்து தள்ளுகிற உலகப் போட்டி வேறு நடக்கிறது. அவர்கள் பெயரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களாகத் தெரியவில்லை.

இந்தப் பெயர்கள் இங்கே மட்டும் ஏன் இத்தனை நெருக்கமாக இருக்கின்றன என்று கேட்டேன். பென்னைன் மலைச்சரிவு முழுக்க இப்படிப்பட்ட பள்ளங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பண்ணை வீடுகள். பஞ்சாலைகள் வந்ததும் ஜனங்கள் கீழே இறங்கி ஸ்டாக்போர்ட், ஓல்டம், பரி என்று பக்கத்து ஊர்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ரொம்ப தூரம் போக அவசியம் இருக்கவில்லை. கப்பலேறியவர்கள் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பெயரைக் கொண்டுபோனார்கள். அமெரிக்காவில் ஹிக்கின்பாட்டத்தை 'ஹிக்கின்பாதம்' என்று எழுதுகிறவர்கள் நிறைய. அந்தக் காலத்துச் சர்ச் எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார், அண்ணன் ஒரு ஸ்பெல்லிங், தம்பி ஒரு ஸ்பெல்லிங்.

"இயன் போத்தம் பேர் கூட இதே பாட்டம்தான்" என்றார் மனுஷர், பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "போத்தமா! 1980, பம்பாய் ஜூபிலி டெஸ்ட். 114 ரன், 13 விக்கெட். ஒத்தை ஆளா நின்னு நம்மைத் தீர்த்துக் கட்டினானே!"

"பார்த்தீர்களா? போத்தம் என்றால் யாராவது சிரிக்கிறார்களா?" என்றார் அந்த அம்மா.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்ப இந்த அம்மா சொல்ற உச்சரிப்புதான் சரி" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, பார்சலை மரியாதையாக அந்த அம்மாவிடமே கொடுத்தார். கூடவே கணக்கு நோட்டையும் நீட்டினார். கணவர் 'பாட்டம்' என்று கையெழுத்துப் போட்டார். மனைவி அதற்குக் கீழே, 'போதம்' என்று படிக்கிற மாதிரி எழுத்தை மாற்றிப் போட்டார். அப்பா இரண்டையும் பார்த்துவிட்டு வாயே திறக்கவில்லை. போத்தம் பேரில் இருந்த மரியாதைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நேற்று எதிர் வீட்டு ஹிக்கின்பாட்டத்துக்கு ஒரு பார்சல் வந்தது. அப்பா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேரனைக் கூப்பிட்டார். "டேய், சிரிச்சது போதும். இந்தப் பேரை எப்படியெல்லாம் சொல்லுவாங்கன்னு முதல்ல ஒரு லிஸ்ட் போடு."