ஏஎம்சி (கம்ப்யூட்டர்களுக்கான வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடுவதற்கு முன்னால் நான் கேட்ட கேள்விகள்

திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வரும் கேள்வி இது: "நல்லா சிஸ்டம் பாக்கற ஆள் இருந்தா நம்பர் போடுங்க." உடனே நான்கைந்து நம்பர் வந்து விழும். எத்தனை சிஸ்டம், என்ன வேலை என்று ஒருவரும் திருப்பிக் கேட்பதில்லை. மெஷின் மெக்கானிக் தேடும்போது மட்டும் நாம் விவரமாக இருப்போம். ஓவர்லாக்குக்கு யார், பேட்லாக்குக்கு யார் என்று விசாரித்துத்தான் கூப்பிடுவோம்.

எங்கள் கம்பெனி பெரியது அல்ல. கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் ஒரே கட்டடத்தில். ஆபீசில் ஒன்பது கம்ப்யூட்டர், அதில் ஒன்று டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் ஓடும் சர்வர். மாடியில் மார்க்கர் (துணி வெட்டுவதற்கான வரைபடம்) போடுகிற கம்ப்யூட்டரும் அதோடு அதைத் தாளில் வரையும் ஒரு பழைய ப்ளாட்டரும். பேக்கிங்கில் பார்கோடு ஸ்டிக்கர் பிரிண்டர். வாசலில் விரல் வைக்கும் அட்டெண்டன்ஸ் மெஷின். உற்பத்தி கணவர் பொறுப்பு. பேங்க், ஜிஎஸ்டி, சம்பளம், மெயில், அப்புறம் இந்தக் கம்ப்யூட்டர் தலைவலி எல்லாம் என் பொறுப்பு.

முன்பு ஒரு தம்பி பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் பைக்கில் வருவார், போகும்போது முந்நூறோ ஐந்நூறோ வாங்கிக்கொள்வார். நல்ல வேலைக்காரர். பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவரை மட்டும் நம்பி அத்தனை வருஷம் ஓட்ட முடிந்ததற்குக் காரணம், அப்போதெல்லாம் சிஸ்டம் ஒரு நாள் படுத்துவிட்டால் கையால் பில் எழுதிச் சரக்கை அனுப்பிவிடலாம். இப்போது அது நடக்காது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்வது, கட்டாயம். போர்ட்டலில் இருந்து ஐஆர்என் என்ற பதிவு நம்பர் வராவிட்டால் பில் பில்லே இல்லை. சரக்கு வண்டியோடு போக வேண்டிய இ-வே பில்லுக்கான தளத்துக்குள் நுழைய 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் ஓடிபி வேறு. சர்வரோ நெட்டோ நின்றால் லோடு ஏற்றிய வண்டி வாசலிலேயே நிற்கிறது. டிரைவர் வந்து ஜன்னலில் எட்டிப் பார்ப்பார், பாருங்கள், அந்தப் பார்வைக்காகவே வருஷ ஒப்பந்தம் போடலாம் என்று முடிவு செய்தோம்.

மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்டேன். ஒன்று கோயம்புத்தூரில் ஓரளவு பெரிய நிறுவனம். இன்னொன்று இங்கேயே கம்ப்யூட்டர் விற்கும் கடை. மூன்றாவது, இரண்டு பார்ட்னர்கள் நான்கைந்து பையன்களை வைத்து நடத்தும் சின்ன ஆபீஸ். பெயரெல்லாம் வேண்டாம்.

தொகையை மட்டும் பார்த்தால் கடைக்காரர்தான் குறைவு, கோவைக்காரர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் இரண்டும் ஒரே சரக்கு அல்ல. காம்ப்ரிஹென்சிவ் என்றால் பழுதான பாகத்தையும் அவர்களே மாற்றித் தர வேண்டும். நான்-காம்ப்ரிஹென்சிவ் என்றால் ஆள் வந்து பார்ப்பது மட்டும்தான், பாகத்துக்குக் காசு நம்முடையது. காம்ப்ரிஹென்சிவ் என்று தலைப்பில் போட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில் "யுபிஎஸ் பேட்டரி, பிரிண்டர் ஹெட், கீபோர்டு, மௌஸ், அடாப்டர் நீங்கலாக" என்று பொடி எழுத்தில் இருக்கும். எங்கள் ஊர் கரன்ட்டுக்கும் பஞ்சுத் தூசிக்கும் முதலில் போவதே இவைதான். அதனால் நான் நான்-காம்ப்ரிஹென்சிவே போதும் என்று நினைத்தேன். பழைய சிஸ்டங்களுக்கு மற்றதில் கட்டுகிற கூடுதல் பணம் திரும்பி வராது. 18 சதவீத ஜிஎஸ்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நாம் ரெகுலர் ரிட்டர்ன் போடுகிறவர்களாக இருந்தால் அதற்கு இன்புட் கிடைத்துவிடும், அதாவது நாம் கட்ட வேண்டிய வரியில் அது கழிந்துவிடும். வரிக்கு முந்தைய தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

கொட்டேஷன் வந்த பிறகு, ஒரு சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மூன்று பேரின் சர்வீஸ் நம்பருக்கும் போன் போட்டேன். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். அட்டெண்டன்ஸ் மெஷினில் இருந்து வாரக் கணக்கு இறங்கவில்லை என்றால் நூறு பேர் காத்திருப்பார்கள். கோவை நம்பரில் "எங்கள் அலுவலக நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை" என்று பதிவுக் குரல் வந்தது. கடை நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. சின்ன ஆபீசில் ஒரு பையன் எடுத்தான். பின்னால் டிராஃபிக் சத்தம். "சொல்லுங்க்கா, இப்ப வேற எடத்துல இருக்கேன், ஆளு விடோணுமா, இல்ல லைன்ல வந்து பாத்தாப் போதுங்களா?" அவனுக்கு நான் யாரென்றே தெரியாது.

அதற்காக உடனே அவர்களுக்குக் கொடுத்துவிடவில்லை. போன் எடுப்பது ஒரு குணம், வேலை தெரிவது வேறு. வேலை தெரியுமா என்று பார்க்க மூன்று பேரிடமும் ஒரே கேள்வியை வைத்தேன்: "விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கை விரித்துவிட்டதே, நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கு இலவச அப்டேட் நின்றுபோனது. எங்களிடம் பாதிக்கு மேல் விண்டோஸ் 10 தான்.

கோவைக்காரர் ஒரே வரியில் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார், புதிய ஒன்பது கம்ப்யூட்டருக்கு விலைப் பட்டியலும் மறுநாளே வந்தது. கடைக்காரர் சிரித்தார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க, விண்டோஸ் 7 வச்சே எத்தன பேர் ஓட்டறாங்க." சின்ன ஆபீஸ் பார்ட்னர்களில் ஒருவர் மட்டும் நேரில் வந்து ஒவ்வொரு சிஸ்டமாகத் திறந்து பார்த்தார். விண்டோஸ் 11 ஏற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஆகாது. அவர் எழுதிக் கொடுத்த தாளில் நான்கு சிஸ்டம் அப்படியே ஏறும் என்றிருந்தது. இரண்டில் டிபிஎம் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, பயோஸ் செட்டிங்கில் போய்ப் போட்டுவிட்டால் போதும். இரண்டு ஏறாது, மாற்றித்தான் ஆக வேண்டும், ஆனால் ஒன்றை இந்த வருஷம் காசு கட்டி நீட்டித்த அப்டேட்டில் ஓட்டலாம். சர்வர் வேறு கணக்கு. மாடியில் இருக்கும் மார்க்கர் கம்ப்யூட்டருக்கு மட்டும் தனியாக எழுதியிருந்தார்: ப்ளாட்டருக்குப் புதிய டிரைவர் சாஃப்ட்வேர் கிடையாது, விண்டோஸை மாற்றினால் ப்ளாட்டர் நின்றுவிடும், அதனால் அதை இன்டர்நெட்டில் இருந்து பிரித்துவிடுவோம், ஃபைலைக் கொண்டுபோக ஒரு பென்டிரைவை அதற்கென்றே ஒதுக்கி ஸ்கேன் செய்து பயன்படுத்தலாம்.

இந்தத் தாளைப் பார்த்ததும் கணவர், "இவருக்கே குடுத்துரலாம்" என்றார். எனக்கு இன்னும் இரண்டு விஷயம் பாக்கி இருந்தது.

ஒன்று பேக்கப். பேக்கப் எடுக்கிறீர்களா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். எடுத்ததைத் திரும்ப ஏற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். சர்வரிலேயே இரண்டு ஹார்டு டிஸ்க் போட்டு ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் பதிவாகிறதே, அது பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை எந்நேரமும் செருகியே வைத்திருந்தால், வைரஸ் சர்வரைப் பூட்டும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது, அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். நம் பக்கம் கிராக் விண்டோஸ் போட்டு, அப்டேட் வந்தால் கிராக் போய்விடும் என்று அப்டேட்டை அணைத்துவைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. கொட்டேஷன் கொடுப்பவரே "ஒரிஜினல் எதுக்குங்க, நான் போட்டுத் தரேன்" என்று சொன்னால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள்.

ஜிஎஸ்டி சட்டப்படி, ஒரு வருஷத்துக் கணக்கை அந்த வருஷத்தின் ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியில் இருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆறு வருஷம் கழித்து ஒரு நோட்டீஸ் வந்தால் டேலியைத் திறந்து காட்டியாக வேண்டும். அதனால் இப்படிக் கேட்டேன்: "போன மாத பேக்கப்பை எடுத்து, சர்வரைத் தொடாமல், வேறு ஒரு சிஸ்டத்தில் ஏற்றி, நான் சொல்கிற பார்ட்டியின் லெட்ஜரைத் திறந்து காட்டுங்கள்." ஒன்றரை மணி நேரம் ஆனது, ஆனால் காட்டினார்கள். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது நடக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. ஒரு பிரதி ஆபீசில், ஒன்று கழற்றி பீரோவில், ஒன்று கிளவுடில்.

இரண்டாவது விஷயத்தை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். எங்களுக்குத் தெரிந்த ஒரு எக்ஸ்போர்ட்டரின் வெப்சைட் பெயர் வருஷக்கணக்காக வெப்சைட் செய்து கொடுத்தவரின் சொந்தக் கணக்கில் இருந்தது. அவருக்கும் இவருக்கும் பில் தகராறு. அவர் ரினியூ செய்யவில்லை. வெப்சைட் போனால் போகிறது, சரக்கு வாங்கும் பையர்களோடு பேசுகிற மெயிலும் அந்தப் பெயரில்தானே! ஷிப்மென்ட் நேரத்தில் மெயில் போகாமல் அந்த எக்ஸ்போர்ட்டர் பட்ட பாடு கொஞ்சமல்ல. டொமைன் (வெப்சைட் பெயர்), மெயில் அட்மின், ரௌட்டர், சர்வர், அட்டெண்டன்ஸ் மெஷின் எல்லாவற்றின் கணக்கும் கம்பெனி பெயரில், கம்பெனி மெயில் ஐடியில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டு பட்டியல் ஒட்டிய கவரில் நம் பீரோவில் இருக்க வேண்டும். "நாளைக்கே உங்களை நிறுத்தினால் எதையெல்லாம் எங்களிடம் ஒப்படைப்பீர்கள்?" என்று வேலை கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்டேன். கடைக்காரருக்கு முகம் மாறியது. கோவைக்காரர் லீகலிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். சின்ன ஆபீஸ்காரர் ஒரு பட்டியலை மெயிலில் அனுப்பினார், கடைசியில் "30 நாள் நோட்டீஸ்" என்று அவரே சேர்த்திருந்தார்.

எக்ஸ்போர்ட் செய்பவர்கள் மெயில் விஷயத்தில் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். நம் பெயரில் யாரோ பையருக்கு "எங்கள் பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது" என்று மெயில் அனுப்பி, பணம் வேறெங்கோ போய்விடுகிற மோசடி நடக்கிறது. நம் பெயரில் போலி மெயில் போவதைத் தடுக்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் செட்டிங்குகள் மூன்றும் எங்கள் டொமைனில் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர் அங்கேயே போனில் பார்த்துச் சொல்லிவிடுவார். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்ய வேண்டும் என்பதை அக்கவுன்ட்ஸ் பெண்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் அதன் பின் நம்பரையும் யாரிடமும் கொடுப்பதில்லை. சர்வீஸ் பையன் அவசரம் என்று கேட்டாலும் நானே வந்து செருகுவேன், வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துக்கொள்வேன். அவர்கள் இடத்தில் இருந்தே நம் சிஸ்டத்தைப் பார்க்கும் எனி டெஸ்க் இணைப்பு, இந்தப் பக்கம் ஒருவர் 'சரி' என்று அழுத்தினால் மட்டுமே திறக்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் அவர்களே நுழைகிற பாஸ்வேர்டை எடுக்கச் சொல்லிவிட்டேன்.

வேலை கொடுத்த பிறகு நான் செய்வது ஒரு நோட்டு வைத்திருப்பதுதான். எப்போது கூப்பிட்டோம், எப்போது வந்தார்கள், என்ன கோளாறு, எப்போது சரியானது. சீக்கிரம் வருவதை விட நான் பார்ப்பது, அதே கோளாறு திரும்ப வருகிறதா என்பதை. பார்கோடு பிரிண்டர் அடிக்கடி நின்றுகொண்டே இருந்தது, ஒவ்வொரு முறையும் வந்து சரி செய்துவிட்டுப் போனார்கள். நோட்டைக் காட்டிக் கேட்டதும் பார்ட்னரே வந்தார். பிரிண்டருக்குப் பக்கத்து பிளக்கில் ஸ்டீம் அயர்ன் ஓடுகிறது, அதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். லைனைப் பிரித்துப் போட்டதோடு அது தீர்ந்தது.

குறையும் உண்டு. பில் தாமதமாக அனுப்புகிறார்கள், எனக்கு அந்த மாத இன்புட் தள்ளிப் போகிறது. டேலிக்கு சர்வீஸ் தரும் பார்ட்னர், நெட் கம்பெனி, இவர்கள் மூவரும் "அது அவங்க பக்கம்" என்று சில சமயம் பந்தை உருட்டுவார்கள். யாரிடம் கோளாறு இருந்தாலும் முதல் போனை எடுத்து மற்றவர்களோடு பேசி முடிப்பது இவர்கள் வேலை என்று ஒப்பந்தத்தில் எழுதிய பிறகுதான் அது குறைந்தது. நன்றாக வேலை தெரிந்த பையன்கள் எங்கும் நிலைப்பதில்லை என்பது இன்னொரு தொல்லை. புதிய ஆள் வரும்போதெல்லாம் சர்வர் எங்கே இருக்கிறது என்பதில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

ஏப்ரலில் ரினியூவல். 10 சதவீதம் கூட்டிக் கேட்கிறார்கள். தரலாம், ஆனால் எங்கள் கம்பெனிக்கு வருகிற ஆள் இன்னார் என்று இரண்டு பெயரை எழுதித் தர வேண்டும், பில் மாதம் முடிவதற்குள் கைக்கு வர வேண்டும் என்று பதில் போட்டிருக்கிறேன். பில்லுக்குச் சரி என்றுவிட்டார்கள். ஆள் பெயருக்கு யோசித்துச் சொல்கிறார்களாம்.