ஒரே பெயரில் ஆறு பேர்: ருஷின் கொடிவழி வரைந்த அனுபவம்

வியன்னாத் தெருவில் ஒரு துடைப்பம். இந்த வேலை அங்கிருந்துதான் தொடங்கியது. 1938ல் நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் வந்ததும் யூதர்களின் ஹசீதிய பக்தி இயக்கத்தில் சாடிகுரா சபையின் ரெப்பேயாக, அதாவது குருவாக, இருந்த அவ்ராஹம் யாகோவ் ஃப்ரீட்மனைப் பிடித்து, ஊர் பார்க்கத் தெருக்கூட்ட வைத்தார்கள். உள்ளே வந்தால் கூட்டமே எழுந்து நிற்கும், அப்பேர்ப்பட்ட மனிதர். அவர் உயிர் தப்பி டெல் அவிவ் போய்ச் சேர்ந்தார். இஸ்ரேல் சுதந்திர தினத்தன்று விடியற்காலையில் தாமே ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிக் கூட்டுவாராம். புனித மண்ணில் தெருக்கூட்டும் பாக்கியத்தைக் கொடு என்று வியன்னாவில் வேண்டிக்கொண்டாராம், அதற்கான நேர்த்திக்கடன்.

யார் இவர், யார் பிள்ளை என்று தேடப்போனேன். இவருடைய தாத்தா பெயரும் அவ்ராஹம் யாகோவ். இவருக்குப் பிறகு பட்டத்துக்கு வந்தவரின் மகன் பெயரும் அவ்ராஹம் யாகோவ். படித்த இடத்திலேயே மூன்று முறை திரும்பிப் படித்தேன், பிடிபடவில்லை. கொடிவழி வரைவது எனக்குப் பல வருஷப் பழக்கம். எங்கள் வீட்டுக்கு வரைந்திருக்கிறேன், சில அரச குடும்பங்களுக்கும் வரைந்திருக்கிறேன். சரி, இவருடைய ருஷின் வம்சத்தையும் தாளில் போட்டால்தான் தெளியும் என்று இரண்டு சார்ட் பேப்பர், எச்.பி. பென்சில், மூன்று நிற மெல்லிய பேனாக்கள் வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தேன்.

முதல் வாரம்

மேலே யாரைப் போடுவது என்பதில் குழப்பம் இல்லை. ஹசீதிய இயக்கத்தைத் தொடங்கிய பால் ஷெம் தோவ் 1760ல் மறைந்தார். அவருக்குப் பின் அதை நடத்தியவர் மெஸெரிச் ஊரின் போதகர் தோவ் பேர். ‘மக்கீத்’ என்றாலே இவர்தான். இவரும் 1772ல் போய்விட்டார். இவருக்கு அவ்ராஹம் என்று ஒரே மகன். உலகப் பற்றே இல்லாமல் தவத்தில் இருந்ததால் ‘மலாக்’, அதாவது தேவதூதர், என்று அவரை அழைத்தார்கள். அவர் அப்பாவின் இடத்துக்கு வரவில்லை. மக்கீத்தின் சீடர்கள்தான் ஆளுக்கொரு ஊரில் சபை அமைத்தார்கள். அப்பாவுக்குப் பின் பிள்ளை என்ற வழக்கம் இந்தக் குடும்பத்திலேயே தொடக்கத்தில் இல்லை என்பது எனக்குப் புதுச் செய்தி.

மலாக் 1776ல் சின்ன வயதிலேயே இறந்தார். அவர் மகன் ஷாலோம் ஷக்னாவைத் தூக்கி வளர்த்தவர் செர்னோபிலின் மெனாகெம் நாகும், அந்த ஊர் வம்சத்தின் முதல்வர். வளர்த்தவரே தம் பேத்தி ஹாவாவைக் கட்டியும் கொடுத்தார். அவர்களுக்கு 1796ல் பிறந்தவர்தான் யிஸ்ராயெல், உக்ரைனில் உள்ள ருஷின் என்ற சிற்றூரின் பெயரால் ‘ருஷினர்’ என்று அறியப்பட்டவர்.

இவர் பெயரை எழுதிய கட்டத்தை மற்றவற்றைவிடப் பெரிதாகப் போட்டேன், போடத்தான் வேண்டும். பதினாறு வயதில், அண்ணன் இறந்தபின் பொறுப்புக்கு வந்தார். வெள்ளிக் கைப்பிடி வைத்த சாரட்டு, நான்கு குதிரைகள், அரண்மனை மாதிரி வீடு என்று ராஜாபோல வாழ்ந்தார். ஆனால் அந்தப் பளபளப்புக்குள் வேறொன்று இருந்தது என்று அவர் பக்தர்கள் சொல்வார்கள். அவர் போட்டிருந்த தங்கச் செருப்புக்கு அடிப்பாகமே கிடையாதாம். பனியில் நடந்தால் கால் தோல் கிழிந்து ரத்தம் கசியுமாம். இந்தக் கதையைக் கட்டத்துக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதி வைத்தேன். கொடிவழியில் கதை எழுதுவது என் வழக்கம் இல்லை. இவருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

1838ல், அரசுக்குக் காட்டிக்கொடுத்த இருவரைக் கொன்ற வழக்கில் இவரைத் தொடர்புபடுத்தி ரஷ்ய அரசு கைது செய்தது. 22 மாதம் சிறை. 1840ல் வெளியே வந்ததும் எல்லை தாண்டி, கடைசியில் ஆஸ்திரியப் பேரரசின் புகோவினா மாகாணத்தில், செர்னோவிட்ஸ் நகரை ஒட்டிய சாடிகுராவில் குடியேறினார். மறுபடி ஒரு மாளிகை கட்டினார். 1850ல் அங்கேயே மறைந்தார். வம்சத்துக்கு ருஷின் என்று பெயர், கிளைகள் எல்லாம் முளைத்தது சாடிகுராவில் என்ற முரண் இப்படித்தான் வந்தது.

இரண்டாம், மூன்றாம் வாரங்கள்

ருஷினருக்கு ஆறு மகன்கள். தாளின் அகலத்தை ஆறாகப் பிரித்து, ஆளுக்கு ஒரே அளவு இடம் கொடுத்தேன். அது பெரிய தவறு.

மூத்தவர் ஷாலோம் யோசெஃப் அப்பா போன மறு வருஷமே இறந்தார். கிளை முடிந்தது என்று ஒதுக்கப் பார்த்தால், அவர் மகன் யிட்ஸ்ஹாக் ருமேனியாவில் போஹுஷ் என்ற ஊரில் பெரிய சபை கண்டவர். அங்கிருந்து பிள்ளைகள் வழியாகக் கிளைகள் பிரிகின்றன. இடம் போதவில்லை. அடுத்தவர் அவ்ராஹம் யாகோவ் அப்பாவின் சாடிகுராவிலேயே இருந்தார். இவருக்குக் கீழே இரண்டு மடங்கு இடம் வேண்டும். ஷ்டெபனெஷ்ட் போன மெனாகெம் நாகுமின் மகன் அவ்ராஹம் மத்தித்யாஹுவுக்குப் பிள்ளை இல்லை. 1933ல் அவரோடு அந்தக் கோடு நின்றுவிட்டது. ஆனாலும் அவர் கல்லறைக்கு இன்றும் கூட்டம் போகிறது. தாவீத் மோஷே சோர்ட்கோவிலும், கடைக்குட்டி மொர்தெகாய் ஷ்ராகா ஹூசியாதினிலும் சபை வைத்தார்கள்.

மிச்சம் ஒருவர், லியோவா ஊரின் தோவ் பேர். இவர் கட்டத்துக்குக் கீழே ஒன்றுமே வரவில்லை. வாரிசு இல்லை. ஆனால் ஆறு பேரில் ஊரையே உலுக்கியவர் இவர்தான். 1869ல் சபையை விட்டு விலகி, செர்னோவிட்ஸில் நவீன அறிவொளிக் கூட்டத்தாரிடம் போய்ச் சேர்ந்தார். ஹசீதிய வழியையே கண்டித்து ஒரு கடிதமும் பத்திரிகையில் வந்தது. சில வாரங்களில் சாடிகுராவுக்கே திரும்பினார், 1876ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அதற்குள் ஸான்ஸ் ஊரின் ரெப்பே ஹயிம் ஹால்பர்ஸ்டாம், இந்தக் குடும்பத்தின் ராஜ வாழ்க்கையே இதற்குக் காரணம் என்று பகிரங்கமாக எதிர்த்துக் கிளம்பிவிட்டார். ஆஸ்திரியப் பேரரசின் கலீசியா மாகாணம் முழுக்க இரண்டு பக்கமும் சாபமும் மறுசாபமும் பறந்தன. பிள்ளையில்லாத ஒரு மனிதரின் வெற்றுக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் பெயரைச் சுமக்க முடியாமல் போனவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. திரும்பி வந்த பிறகு அண்ணன் தம்பிகள் அவரை எப்படிப் பார்த்திருப்பார்கள்?

அழித்து அழித்து எழுதியதில் சாடிகுரா இருக்கும் இடத்தில் சார்ட் கிழிந்தேவிட்டது. புதிதாக நான்கு தாள் வாங்கிப் பின்பக்கம் டேப் ஒட்டி ஒரே விரிப்பாக்கினேன். இந்த முறை முதலில் கடைசித் தலைமுறையை எண்ணி, இடத்தை அளந்து, அடியிலிருந்து மேலே போட்டேன். புதிதாக வரைகிறவர்களுக்கு என் யோசனையும் இதுதான்: பேரப்பிள்ளைகளை எண்ணாமல் பிள்ளைகளுக்கு இடம் பிரிக்காதீர்கள்.

பெயர்க் குழப்பம் தீர்ந்ததும் இந்தக் கட்டத்தில்தான். தமிழில் பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, தாத்தா பெயரைத் தாங்குகிறவன். நம் வீட்டில் தாத்தா உயிரோடு இருக்கும்போதே பேரனுக்கு அவர் பெயரை வைப்போம். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அப்படிச் செய்வதில்லை. மறைந்தவர் பெயரைத்தான் வைப்பார்கள். இது நினைவுக்கு வந்ததும் ஒவ்வொரு கட்டத்திலும் பிறந்த வருஷத்தை நீலத்திலும் இறந்த வருஷத்தைச் சிவப்பிலும் எழுதிப் பார்த்தேன்.

தாள் அப்படியே பேசத் தொடங்கியது. ருஷினர் யிஸ்ராயெல் 1850ல் மறைகிறார். 1852ல் சாடிகுராவில் ஒரு யிஸ்ராயெல். 1854ல் சோர்ட்கோவ் வீட்டில் ஒரு யிஸ்ராயெல். அந்தப் பத்து வருஷம் முடிவதற்குள் ஹூசியாதினில் இன்னொருவர். மூன்று அண்ணன் தம்பிகள், ஆளுக்கொரு ஊரில், ஒரே அப்பாவின் பெயரைத் தொட்டிலில் போட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள். 1883ல் சாடிகுராவின் அவ்ராஹம் யாகோவ் மறைகிறார். 1884ல் பிறந்த பேரனுக்கு அதே பெயர். அந்தப் பேரன்தான் வியன்னாவில் துடைப்பம் பிடித்தவர். அவர் உயிரோடு இருக்கும்போதே, 1928ல், அவர் அண்ணன் மகன் வீட்டில் இன்னொரு அவ்ராஹம் யாகோவ் பிறக்கிறார். அது 1883ல் மறைந்த மூதாதையின் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அங்கே ஒரு புள்ளிக்கோடு இழுத்தேன்.

1961ல் துடைப்பக்காரர் மறைந்தபின் பட்டம் அந்த அண்ணன் மகனுக்கே போனது. சித்தப்பாவிடமிருந்து வருவதால் கோடு குறுக்கே ஓடுகிறது. நேர்கோடுதான் வம்சம் என்று நினைத்திருந்தவனுக்கு இது நல்ல பாடம்.

நான்காம் வாரம்: பெண்கள்

அதுவரை நான் எழுதிய கட்டங்களில் பெண் பெயர் ஹாவா ஒன்றுதான். நான் பார்த்த பட்டியல்களில் பாதி அப்படித்தான் இருந்தன. மகள்களைச் சேர்க்கத் தொடங்கியதும் மரத்தின் வடிவமே மாறிவிட்டது.

ருஷினரின் மகள் மிரியம், மெனாகெம் மெண்டல் ஹாகரை மணந்தார். அவர்தான் விஷ்னிட்ஸ் வம்சத்தின் முதல் ரெப்பே. மகன் பாருக், பேரன் 1860ல் பிறந்த யிஸ்ராயெல் என்று அந்தக் கோடு போகிறது. மறுபடியும் அதே பெயர், இந்த முறை மகள் வழியில். இன்று விஷ்னிட்ஸ் உலகின் பெரிய ஹசீதிய சமூகங்களில் ஒன்று. மகன்கள் நிறுவிய பல கிளைகளைவிட எவ்வளவோ பெரியது. இன்னொரு மகள் ஹாயா மல்கா ஸ்க்வெர் ஊர் ட்வெர்ஸ்கி குடும்பத்துக்குப் போனார். அது செர்னோபில் வழி. ஷாலோம் ஷக்னாவை வளர்த்த அதே வீட்டுக்கு மூன்றாம் தலைமுறையில் ஒரு பெண் திரும்பிப் போகிறாள்.

திருமணக் கோடுகளில் ஓர் இடத்தில் கை நின்றது. சோர்ட்கோவின் யிஸ்ராயெல், சாடிகுரா அவ்ராஹம் யாகோவின் மகளை மணந்திருக்கிறார். அதாவது பெரியப்பா மகள். நம் முறைப்படி அவள் அக்காவோ தங்கையோ ஆவாள். மாமன் மகள் என்றால் முறைப்பெண். அவர்களுடைய சட்டத்தில் இந்த வேறுபாடு இல்லை, இரண்டும் ஒன்றுதான். நான் கட்டங்களுக்குப் பக்கத்தில் முறைப்பெயர்களைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்தேன், அங்கே அது செல்லாது என்பதால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, உறவுக்குள் நடந்த மணங்களுக்கு இரட்டைக் கோடு போட்டேன். மூன்றாம் தலைமுறைக்குப் பிறகு மரம் என்று சொல்ல முடியவில்லை. பாய் முடைந்த மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் போயன். எனக்கு மிகவும் பிடித்த கிளை. 1883க்குப் பிறகு சாடிகுராவில் யிட்ஸ்ஹாக், யிஸ்ராயெல் என்ற இரண்டு சகோதரர்களும் சேர்ந்தே சபையை நடத்தினார்கள். சில வருஷம் கழித்துச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். யிஸ்ராயெலுக்கு சாடிகுரா, யிட்ஸ்ஹாக் 1887ல் பக்கத்துப் போயனுக்குக் குடிபெயர்ந்தார். சண்டையில்லாமல் ஒரு வம்சம் இரண்டானது. முதல் உலகப் போரில் ரஷ்யப் படை வந்ததும் இந்த ஊர்களின் ரெப்பேக்கள் எல்லாரும் வியன்னாவுக்கு ஓடினார்கள். யிட்ஸ்ஹாக் 1917ல் அங்கேயே இறந்தார். அவருடைய நான்கு மகன்களும் செர்னோவிட்ஸ், லைப்சிக், லெம்பெர்க், நியூயார்க் என்று நான்கு திசையில் போனார்கள். லைப்சிக் போனவர் பெயரும் யிஸ்ராயெல். தலைப்பில் சொன்ன ஆறு யிஸ்ராயெல்களும் இத்தோடு நிறைகிறார்கள். லெம்பெர்க்காரரை நாஜிகள் கொன்றார்கள்.

நியூயார்க் போன மொர்தெகாய் ஷ்லோமோ 1971ல் மறைந்தபோது போயனுக்கு ரெப்பே இல்லை. பதின்மூன்று வருஷம் நாற்காலி காலி. பக்தர்கள் வேறு சபைக்குக் கலைந்து போகாமல் காத்திருந்தார்கள். 1984 ஹனுக்கா பண்டிகையின்போது, அவர் மகள் மல்காவின் பிள்ளை நாகும் தோவ் பிராயர் ரெப்பே ஆனார், இருபத்தைந்து வயதில். ஃப்ரீட்மன் என்ற குடும்பப் பெயர் அந்த இடத்தில் மாறுகிறது. இஸ்ரேலின் மேரோன் மலையில் லாக் பாவோமர் திருநாள் இரவு போயன் ரெப்பே ஏற்றும் நெருப்பு, அந்த முதல் அவ்ராஹம் யாகோவ் காலத்தில் இந்தக் குடும்பம் பெற்ற உரிமை. அதுவும் இவர் கைக்கு வந்தது. 1971க்கும் 1984க்கும் நடுவில் இரண்டு அங்குலம் வெற்றிடம் விட்டு, மல்காவின் கட்டம் வழியாக மையில் கோட்டை இழுத்தேன். பென்சிலில் அதைப் போட மனம் வரவில்லை.

இப்போது

நான்கு தாளில் மூன்று முடிந்திருக்கிறது. சாடிகுரா, போயன், ஷ்டெபனெஷ்ட், லியோவா நான்கும் மையில் ஏறியாயிற்று. 1968ல் நின்றுபோன ஹூசியாதினின் அடியில் ஒரு குறுக்குக்கோடு போட்டாயிற்று. போஹுஷ் இன்னும் பென்சிலில். விஷ்னிட்ஸ் கோடு நான்காவது தாளின் வலது ஓரத்தைத் தொட்டுவிட்டது, பாருக்கின் பிள்ளைகளையே இன்னும் எழுதி முடிக்கவில்லை. நேற்று ஐந்தாவது சார்ட் வாங்கி வந்தேன். அதை ஒட்டும் முன் மிரியமின் கட்டத்தை அழித்து, அப்பாவின் கட்டம் அளவுக்குப் பெரிதாக வரைய வேண்டும்.