வெள்ளவத்தைக் கரையில் செக்ஸ்டன்ட்: ஏப்ரலில் கிடைக்காத அகலாங்கு

கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டிக் கருங்கற்களில் ஏறி நின்றால் முன்னால் தடையில்லாத மேற்குக் கடல். நிற்கும் இடம் ஏறத்தாழ வடக்கு 6 பாகை 52½ கலை, கிழக்கு 79 பாகை 51½ கலை (60 கலை ஒரு பாகை). செக்ஸ்டன்ட் என்பது சூரியன் தொடுவானத்துக்கு மேல் எவ்வளவு கோண உயரத்தில் நிற்கிறது என்று அளக்கும் கருவி. இரு நேரங்களில் அளந்து நிற்கும் இடத்தைக் கணிப்பதே பயிற்சி. விடை முன்பே தெரிவதால் பிழையை ஒளிக்க முடியாது. பழகுவதற்கு அதுவே பெரிய வசதி.

ஏப்ரல் முதல் வாரத்தில் தொடங்கியதுதான் தவறு. அந்நாட்களில் சூரியன் கொழும்பின் உச்சிவழியே போகிறது. பிற்பகல் 1.30க்குச் சூரியனின் திசைக்கோணம் (வடக்கிலிருந்து கிழக்கு வழியாக எண்ணுவது) 271 பாகை, 4.30க்கு 274. ஓர் அளவு தருவது ஒரு நிலைக்கோடு: சூரியத் திசைக்குச் செங்குத்தான அக்கோட்டில் எங்கோ நாம் நிற்கிறோம். இரு கோடுகள் வெட்டுமிடமே நம் இடம். மூன்று மணித்தியாலம் காத்திருந்தும் இரண்டு நிலைக்கோடுகளும் கிட்டத்தட்டச் சமாந்தரம். நெட்டாங்கு நன்றாக வரும். அகலாங்கு வராது: உயரத்தில் ஒரு கலை பிசகினாலே வெட்டுப்புள்ளி வடக்கிலோ தெற்கிலோ ஏறக்குறைய 20 கடல் மைல் ஓடிவிடும். டிசம்பர் 21ஐ ஒட்டி அதே நேரங்களில் 213, 242. கோடுகள் ஏறக்குறைய 30 பாகையில் வெட்டுவதால் அதே பிசகு 2 மைலோடு நிற்கிறது.

நிழற்கண்ணாடிகளைப் போட்ட பிறகே சூரியனைப் பார்க்க வேண்டும். கருவியை ஊஞ்சல்போல் மெல்ல ஆட்டி, சூரியப் பிம்பம் வரையும் வளைவின் அடியில் அதன் கீழ்விளிம்பு தொடுவானத்தைத் தொடும் கணத்தில் முதலில் செக்கனைக் குறித்து, பிறகு கோணத்தை வாசிப்பது நல்லது. ஐந்து நிமிடத்தில் ஐந்து அளவுகள் எடுத்து வரைபுத்தாளில் போட்டுப் பாருங்கள். டிசம்பரில் 4.30 அளவில் சூரியன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 13 கலை இறங்கும். அந்தச் சரிவில் விழாத புள்ளி பெரும்பாலும் அலை முகட்டைத் தொடுவானமென்று நம்பி எடுத்தது.

உலக நேரத்துக்கு 5.30ஐக் கழிக்கும்போது கவனம். ஒரு நிமிடம் பிசகினால் நெட்டாங்கு 15 கலை தவறும். கருவியின் சுழிப்பிழையை (சுழியம் காட்டவேண்டிய இடத்தில் அது காட்டும் பிசகை) ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்க வேண்டும். கண் 3 மீற்றர் உயரத்திலிருந்தால் தொடுவானத் தாழ்வுக்கு (உயரத்திலிருந்து பார்க்கையில் தொடுவானம் சற்றுக் கீழே தெரிவதற்கு) 3 கலை கழிவு. 20 பாகை உயரத்தில் கீழ்விளிம்புக்கு, சூரியனின் அரைவிட்டமும் ஒளிமுறிவும் சேர்த்து, 13½ கலை கூட்டல். திருத்த அட்டவணையில் மேல்விளிம்பு நிரலை எடுத்துவிட்டால் 32 கலை போய்விடும்.

அகலாங்கை நேரடியாகத் தரும் நண்பகல் அளவு இங்கே நம்பிக்கையில்லை. டிசம்பர் நண்பகலில் சூரியன் நேர் தெற்கே நிற்க, பார்வை கரையை ஒட்டியே போகிறது. உண்மையான தொடுவானம் 3½ மைலுக்கு அப்பால். கிட்டிய கரைநீர் விளிம்பு அதற்குக் கீழே தெரிவதால் உயரம் கூடுதலாக வரும்.

கப்பலில் இன்னொரு வேலை சேரும். 12 நொட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் மூன்று மணித்தியாலத்தில் 36 மைல் நகர்ந்திருக்கும். முதல் கோட்டைக் கப்பல் போன திசையில் அவ்வளவு தூரம் சமாந்தரமாக நகர்த்திய பிறகே இரண்டாவதோடு வெட்டவேண்டும்.